பவுடர் போடாமல் வாருங்கள்: மேமோகிராம் எடுக்கப் போகிறவர்களுக்கு

மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, வருகிற அம்மாக்கள் பெரும்பாலும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது மாதிரிதான் வருவார்கள். தலைக்குக் குளித்து, பூ வைத்து, கழுத்து அக்குள் எல்லாம் பவுடர் போட்டு. "பவுடர் போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டால் "லேசாத்தான் சிஸ்டர்" என்பார்கள். நான் சிஸ்டர் இல்லை, ரேடியோகிராபர், அதாவது படம் எடுக்கிறவள். ஆனால் ஸ்கேன் சென்டரில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லோருமே சிஸ்டர்தான், அதை இனி மாற்ற முடியாது.

ஈரத் துணியைக் கொடுத்து, அக்குளையும் மார்புக்கு அடியிலும் நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொல்வேன். முகம் கொஞ்சம் சுருங்கும். காரணம் இதுதான்: மேமோகிராமில் நாங்கள் முக்கியமாகத் தேடுகிற ஒன்று, திசுவுக்குள் உப்பைத் தூவினது போலக் கிடக்கும் சுண்ணாம்புப் (கால்சியம்) புள்ளிகள். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு ரொம்ப முன்னாலேயே சில புற்றுநோய்கள் படத்தில் இந்தப் புள்ளிகளாகத்தான் தெரியும். தோலில் படிந்த பவுடரும் டியோடரண்டும்கூட அதே மாதிரி வெள்ளைப் புள்ளியாக விழும். எது பவுடர், எது சுண்ணாம்பு என்று பிரிக்க முடியாவிட்டால் திரும்ப ஒரு படம், திரும்ப ஒரு அழுத்தம், வீட்டுக்குப் போகும்வரை ஒரு பயம்.

அதனால் முதல் வேலை, அன்று பவுடர், டியோடரண்ட், கிரீம் எதுவும் வேண்டாம். மற்றதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கட்டி இருந்தால் வழி வேறு

எங்களிடம் இரண்டு விதமாக வருவார்கள். ஒரு தொந்தரவும் இல்லாமல், வயதாகிவிட்டதே, பார்த்துவிடலாம் என்று வருகிறவர்கள் ஒரு வகை. இதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். கட்டி தட்டுப்படுகிறது, காம்பில் ரத்தம் கசிகிறது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்துவிட்டது என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இயந்திரம் ஒன்றுதான், ஆனால் வழி வேறு. கட்டி இருக்கிறவர் இலவச முகாம் எப்போது வரும், பேக்கேஜில் தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போய்க் கையால் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மேமோகிராம் எல்லாக் கட்டியையும் காட்டிவிடாது. ரிப்போர்ட் நார்மல் என்று வந்தும் கையில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் கட்டியைத்தான் நம்ப வேண்டும், ரிப்போர்ட்டை இல்லை. இதை ரிப்போர்ட்டுக்காகவே படம் எடுத்துச் சம்பளம் வாங்குகிற நானே சொல்கிறேன்.

முப்பது வயதுக்குள் இருக்கிற பெண்களுக்குக் கட்டி என்றால் முதலில் அல்ட்ராசவுண்டுதான் எடுப்பார்கள். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் அது வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைக் கொக்கைத் தேடுகிற கதைதான்.

எந்த வயதில், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை

இதில் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்காவில் 2024-ல் திருத்திய பரிந்துரைப்படி 40 முதல் 74 வயதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பிரிட்டனில் 50-லிருந்து 71 வயதாகும்வரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அரசே கடிதம் போட்டுக் கூப்பிடும். நம் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்று அரசுத் திட்டம் கிடையாது. முப்பது வயது தாண்டிய பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ கையால் பரிசோதித்துப் பார்ப்பதுதான் தேசியத் திட்டத்தில் இருக்கிறது.

கையால் பார்ப்பதா, அதில் என்ன தெரியும் என்று லேசாக நினைக்க வேண்டாம். மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஆரம்பித்து இருபது வருஷம், சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. பாதிப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவு வெளியானபோது, 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. மேமோகிராம் இயந்திரமே இல்லாமல். ஐம்பதுக்குக் கீழே அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் நீங்கள் என்ன செய்வது? என் வீட்டுப் பெண்களிடம் நான் சொல்வது: நாற்பதைத் தாண்டியதும் ஒரு டாக்டரிடம் பேசி முதல் மேமோகிராமை எடுத்துவிடுங்கள், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இங்கே இந்த நோய் மேல்நாடுகளைவிடச் சின்ன வயதிலேயே வருகிறது, அதனால் ஐம்பது ஆகட்டும் என்று தள்ளிப்போட எனக்கு மனம் வராது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் கணக்கே வேறு. அவர்களுக்கு எந்த வயதில் தெரிந்ததோ அதற்குப் பத்து வருஷம் முன்பே ஆரம்பிக்கச் சொல்வது வழக்கம், சிலருக்கு எம்ஆர்ஐயும் சேரும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், கவுன்டரில் உட்கார்ந்து பேக்கேஜ் விற்கிற பையன் இல்லை.

அன்றைக்கு

மாதவிலக்கு வருகிறவர்கள் அது ஆரம்பித்து ஒரு வாரம் கழித்துத் தேதி வாங்குங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் மார்பு கனத்து வலி இருக்கும், அப்போது வந்து அழுத்தினால் என்னைத் திட்டுவீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் உள்ளே வரும் முன்பே சொல்லுங்கள். பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும், மார்பில் எப்போதாவது ஆபரேஷன் நடந்திருந்தாலும் அப்படித்தான். வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வரலாம்.

மேலாடை மட்டும் கழற்றுகிற மாதிரி உடுத்தி வருவது நல்லது. சேலை, பாவாடை தாவணி, சுடிதார் டாப் எல்லாம் சரி. நைட்டிதான் கஷ்டம். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டு ஒரு பிளாஸ்டர் ஒட்டிவிடுவேன். படத்துக்குள் வராமல் இருந்தால் போதும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். இயந்திரத்துக்கு முன் நிற்பீர்கள், மார்பை ஒரு தட்டின் மேல் வைத்து மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டால் அழுத்துவோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு, மேலிருந்து ஒன்று சாய்வாக ஒன்று, மொத்தம் நான்கு படம். ஒவ்வொரு அழுத்தமும் சில விநாடிதான். வலிக்காது என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு நன்றாகவே வலிக்கும். எதற்கு இவ்வளவு அழுத்துகிறோம் என்றால், திசு ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிக் கிடந்தால் உள்ளே இருப்பது மறைந்துவிடும். பரோட்டா மாவை வீசி விரிக்கிற மாதிரி பரப்பினால்தான் சின்னதும் தெரியும், கதிரும் குறைவாகப் போதும். தோளை இறுக்கிக்கொண்டு நின்றால் வலி கூடும். தோளைத் தளர விட்டு, நான் சொல்லும்போது மூச்சை நிறுத்தினால் சீக்கிரம் முடியும். பெண் ரேடியோகிராபர்தான் எடுப்பாரா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

கதிர்வீச்சு பற்றி எல்லோரும் கேட்பார்கள். நான்கு படத்துக்கும் சேர்த்து சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருந்தாலே நமக்கு வருஷத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு மாசக் கணக்கு. இதே ஒரு வயிற்று சிடி ஸ்கேன் என்றால் இரண்டு, மூன்று வருஷக் கணக்கு ஆகிவிடும், அதனால்தான் சிடியை "எதற்கும் ஒன்று எடுத்துவிடலாம்" என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பழைய படம் எங்கே?

இந்தக் கேள்விக்கு வருகிற பதில்களைத் தொகுத்தால் ஒரு புத்தகம் போடலாம். பரணில் இருக்கிறது, வீடு மாறும்போது போய்விட்டது, மகன் கிரகணம் பார்க்க எடுத்துப் போனான். (எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும், அது தனிக் கதை.)

ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு புள்ளி புதிதா பழையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தது என்றால் ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர், நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போவார். இல்லாமல் புதிதாக வந்திருந்தால் அது சின்னதாக இருந்தாலும் விட மாட்டார். என் சித்திக்கு இதுதான் நடந்தது. இடது மார்பில் நாலைந்து புள்ளிகள். முன்பு வேறு ஊரில் ஒரு சென்டரில் எடுத்திருந்தாள், அங்கே ஒரு பக்க ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள், போன் செய்து கேட்டால் அவ்வளவு நாள் படத்தை வைத்திருக்க மாட்டோம் என்றார்கள். ஒப்பிட ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்து, மாற்றம் இல்லை என்று தெரியும்வரை அவளுக்குத் தூக்கமே இல்லை. பழைய படம் ஒன்று கையில் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஆகவே எங்கே எடுத்தாலும் ரிப்போர்ட்டோடு படத்தையும் கேட்டு வாங்குங்கள், ஃபிலிமாகவோ குறுந்தகடாகவோ பென்டிரைவிலோ. வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறோம் என்றால், அது போன் திரையில் பார்க்கத்தான் ஆகும், ஒப்பிட்டுப் பார்க்க ஆகாது. முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். இடம் மாறினால் பழைய பையோடு போங்கள்.

ரிப்போர்ட்டின் கடைசி வரி

முழுக்கப் படித்துக் குழம்ப வேண்டாம். கடைசியில் பைராட்ஸ் (BI-RADS) என்று போட்டு ஒரு எண் இருக்கும். 1 என்றால் ஒன்றுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் நிச்சயமாகச் சாதுவானது, புற்றுநோய் இல்லை. 3 என்றால் அநேகமாகச் சாதுதான், புற்றுநோயாக இருக்க நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வாய்ப்பில்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த 3-தான் எனக்கு அதிகம் கவலை தருவது. பயந்து ஓடி வருகிறவர்களும் உண்டு, ஒன்றுமில்லை என்றுதானே போட்டிருக்கிறது என்று இரண்டு வருஷம் வராமலேயே இருப்பவர்களும் உண்டு. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், காலண்டரில் குறித்துவிடுங்கள்.

4 என்றால் சந்தேகம், திசு எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த 4-க்குள் ரொம்ப லேசான சந்தேகமும் உண்டு, கனமான சந்தேகமும் உண்டு, அதனால் 4-ஐப் பார்த்ததுமே புற்றுநோய் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட வேண்டாம். 5 என்றால் நூற்றுக்கு 95-க்கு மேல் அதுதான். 6, ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

பூஜ்யம் போட்டிருந்தால் பலரும் சந்தோஷப்படுகிறார்கள். அது "ஒன்றுமில்லை" இல்லை, "இன்னும் முடிவு சொல்ல முடியவில்லை". இன்னொரு கோணத்தில் படமோ அல்ட்ராசவுண்டோ வேண்டும், இல்லாவிட்டால் பழைய படம் வேண்டும், அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமிருக்காது. ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து போட்டிருந்தால் அது மார்புத் திசுவின் அடர்த்தி. சி, டி என்றால் மேமோகிராம் கண்ணுக்குக் கொஞ்சம் பனிமூட்டம், கூடவே அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

பயாப்சி, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துப் பார்ப்பது, என்று சொன்னதும் "ஊசி குத்தினா பரவிடும்" என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியம்மா இருப்பார். அந்தப் பயத்தில் நாட்டு மருந்தைத் தேடிப் போய் எட்டு மாதம் கழித்துப் புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசியால் பரவியதில்லை அது, எட்டு மாதத்தில் வளர்ந்தது. பயாப்சி இல்லாமல் எந்த வகை என்று தெரியாது, வகை தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

மற்ற ஸ்கேன்களும் எடுத்துவிடலாமா?

மாஸ்டர் செக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி இது. தொந்தரவு இல்லாதவர்களுக்கு ஸ்கிரீனிங்காகப் பலன் தரும் ஸ்கேன்கள் மிகக் கொஞ்சம். ரொம்ப வருஷம் சிகரெட் பிடித்தவர்களுக்கு நுரையீரலுக்குக் குறைந்த கதிர் சிடி ஒன்று. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டோரை வைத்துப் பார்த்ததில், சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது என்று 2011-ல் தெரிந்தது. அங்கே இப்போதைய கணக்கு 50 முதல் 80 வயது, தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருஷம் பிடித்த அளவு. நம் ஊரில் பழைய டிபி தழும்பும் படத்தில் கட்டி மாதிரி தெரியும், அதனால் வீண் பயம் இன்னும் அதிகம், நெஞ்சக மருத்துவரிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.

டிபி என்றதும் சொல்ல வேண்டியது, தெருவுக்கு எக்ஸ்ரே வண்டி வந்தால் "எனக்கு இருமலே இல்லையே" என்று திரும்பிப் போகாதீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில், நம் சென்னையில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தியது அது, கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் எக்ஸ்ரே இல்லாவிட்டால் தப்பிப் போயிருப்பார்கள். அறிகுறியைக் கேட்டு மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் வீட்டிலேயே இருமாமல் பரப்பிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

65 வயது தாண்டிய பெண்களுக்கு எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா உண்டு. அதை இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்க வேண்டும். முகாமில் குதிகாலை வைக்கச் சொல்லி ஒரு எண் சொல்வார்களே, அது டெக்ஸா இல்லை. கர்ப்பிணிகளுக்கு 11-லிருந்து 13 வாரம் முடிவதற்குள் குழந்தையின் பின்கழுத்து நீரை அளக்கும் என்டி ஸ்கேன், 18-லிருந்து 20 வாரத்தில் உறுப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் டிஃபா ஸ்கேன், இரண்டையும் தேதி தவறாமல் எடுங்கள். பிறகு எடுத்தால் பார்க்க வேண்டியது தெரியாது. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், 1994-ம் வருஷத்துச் சட்டப்படி கேட்பதும் சொல்வதும் குற்றம்.

தைராய்டு ஸ்கேன், முழு உடல் சிடி, முழு உடல் எம்ஆர்ஐ எல்லாம் தொந்தரவு இல்லாமல் எடுக்க வேண்டாம் என்பேன். தென் கொரியாவில் நடந்தது தெரியுமா? 1999-ல் அரசு வேறு புற்றுநோய்களுக்கு ஸ்கிரீனிங் ஆரம்பித்தது, ஆஸ்பத்திரிகள் கூடுதல் காசுக்குத் தைராய்டு அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 1993-ல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. இறப்பு? அப்படியே இருந்தது, குறையவே இல்லை. கடைசிவரை தொந்தரவே தராத சின்னக் கட்டிகளைத் தேடிப் பிடித்து, கழுத்தை அறுத்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வைத்தார்கள்.

தயாராகி வரும் விஷயத்தில் மூன்றே வார்த்தை. வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, காபியும் கூடாது, பித்தப்பை சுருங்கிவிடும். அடிவயிற்றுக்கு மூத்திரப் பை நிறைந்திருக்க வேண்டும். மருந்து ஏற்றி எடுக்கிற சிடிக்கு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிப்போர்ட் வேண்டும், சுகருக்கு மெட்ஃபார்மின் போட்டால் நிறுத்த வேண்டுமா என்று கேட்டு வாருங்கள். எம்ஆர்ஐ என்றால் பேஸ்மேக்கர் பற்றி முதலில் சொல்லுங்கள், அப்புறம் சேஃப்டி பின், மெட்டி, ஹேர்பின், பர்ஸ் எல்லாம் வெளியே. காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், பின் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே மட்டும் தாலிச் சங்கிலிக்கு நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிலர் வீட்டிலிருந்தே ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு வருவார்கள், நல்ல யோசனை.

காசு விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிடி, எம்ஆர்ஐ எல்லாம் வெளியே கேட்பதைவிட ரொம்பக் குறைவான கட்டணத்தில் எடுக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எது சேரும் என்று அங்கேயே இருக்கிற காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். சென்னையில் 1954-லிருந்து இருக்கிற அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் மார்பகப் பரிசோதனை உண்டு.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டை வாங்க வாருங்கள். எங்கள் சென்டரில் ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கிறது, யாரும் வந்து வாங்காத உறைகள் அதில் மாதக்கணக்கில் கிடக்கும். போன் செய்தால் எடுக்க மாட்டார்கள், இல்லை கொடுத்த நம்பரே மருமகனுடையதாக இருக்கும், அவர் துபாயில் இருப்பார். உங்கள் நம்பரையே கொடுங்கள், எப்போது ரெடியாகும் என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது.